நாலுமுக்கு மாமா

மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். "பாவம், உழைச்சு உழைச்சே ஓஞ்சு போனாரு." பதினாறாம் நாள் விசேஷத்தில் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் கேட்டேன். போன மாதம் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். அன்போடுதான் சொல்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தப் 'பாவம்' எனக்கு ஒப்பவில்லை. மாமாவின் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அந்தக் கை எதை வெட்டும், எதை விடும், யாருக்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் அவர் தீர்மானித்தவை. அதைப் பரிதாபக் கணக்கில் எழுதி முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

மாமா என் அம்மாவுக்கு நேர் இளையவர். திருநெல்வேலி மாவட்டத்து மலையில், மாஞ்சோலைக்கு மேலே, நாலுமுக்கில் ஒரு லைன் வீட்டில் (எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) 1963-இல் பிறந்தார். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை 99 வருடக் குத்தகைக்கு எடுத்து ஒரு கம்பெனி தேயிலை எஸ்டேட் போட்டது 1929-இல் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. மாமா பிறந்தபோதே அந்தக் குத்தகையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்திருந்தது. 2028-இல் முடிய வேண்டியது, அதற்கு முன்பே, 2024 ஜூன் மாதத்தோடு வேலை நின்றுபோனது. தாத்தாவும் ஆச்சியும் மழை பொய்த்த ஒரு வருஷம், எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கிற கங்காணியோடு மேலே போனவர்கள். திரும்பி வரவில்லை. தேயிலைக் காட்டு ஓரத்தில்தான் இருவரையும் அடக்கியிருக்கிறது. அம்மா கல்யாணமாகிக் கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே இறங்கிவிட்டாள். மாமா அங்கேயே இருந்தார்.

கடல் இல்லாத தீவு

முழுப்பரீட்சை லீவு விட்டதும் அம்மா என்னைப் பஸ் ஏற்றிவிடுவாள். மணிமுத்தாறு செக்போஸ்ட், அருவி, அதற்குப் பிறகு வளைவு மேல் வளைவு. மாஞ்சோலை, காக்காச்சி, அப்புறம்தான் நாலுமுக்கு. அதையும் தாண்டி ஊத்து, குதிரைவெட்டி. போய்ச் சேர அரை நாள் ஆகிவிடும். கண்டக்டர் கையில் டிக்கெட் மெஷினை விடப் பொட்டலங்கள்தான் அதிகம் இருக்கும். ஒரு வீட்டுக்குச் சுகர் மாத்திரை, இன்னொரு வீட்டுக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட், ஊத்தில் யாருக்கோ வரன் பார்த்த ஜாதகம். எல்லாம் அந்த ஒரு பஸ்ஸில்தான். பஸ் வரவில்லை என்றால் அந்த ஊருக்கு உலகம் இல்லை. சுற்றிலும் காடு. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆன பிறகு அந்தக் காட்டுக்குக் காவலும் கூடிவிட்டது. நான் அதைக் கடல் இல்லாத தீவு என்றுதான் எப்போதும் நினைத்திருக்கிறேன்.

தீவில் வாழ்கிறவர்களுக்கு ஒருவரை விட்டால் ஒருவர் கிடையாது. மாமாவின் லைனில் இந்தக் கோடியில் ஒரு மலையாளக் குடும்பம், அந்தக் கோடியில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நடுவில் ஒரு சுவர்தான். இந்த வீட்டில் கருவாடு வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் கந்தூரிக்கும் பந்தல் போடுகிற ஆட்கள் ஒரே ஆட்கள்தான். சண்டையும் உண்டு. தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை, கோழி மேய்ந்ததற்குச் சண்டை. ராத்திரி சண்டை போட்டவர்களே காலையில் ஒன்றாக மஸ்டருக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கொடுக்க, நிற்பார்கள். ஒரு வீட்டில் சாவு என்றால் மொத்த லைனிலும் அடுப்பு எரியாது. கஞ்சி அடுத்த லைனிலிருந்து வரும்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் 'தமிழ்நாட்டிலேயே அதிகபட்சமாக ஊத்து' என்று செய்தியில் வாசிப்பார்களே, அதே மழைதான் நாலுமுக்கிலும் பெய்யும். நாள் கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது. துணி காயாது, விறகு பிடிக்காது. உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொண்டு அத்தை கொழுந்து எடுக்கப் போவாள். அப்படியும் சாயங்காலம் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வடிய வந்து நிற்பாள். இந்த மழைக்காலத்தில்தான் மாமாவுக்கு இன்னொரு வேலை இருந்தது. யாரும் கொடுக்காத வேலை.

ராத்திரி காற்றடித்தால் ரோட்டில் எங்காவது மரம் விழுந்திருக்கும். அதிகாலை பஸ்ஸில் கீழே போக வேண்டியவர்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஒருவராவது இருப்பார். மாமா விடியும் முன்பே எழுந்து, இன்னும் இரண்டு பேரைக் கதவு தட்டி எழுப்பி, கோடாலியும் ரம்பமுமாக டார்ச் அடித்துக்கொண்டு பஸ் போகிற பாதையில் நடப்பார். கிடக்கிற மரத்தை அறுத்து, பஸ் போகிற அகலத்துக்கு வழி எடுத்துவிட்டு, ஓடி வந்து மஸ்டருக்கு நிற்பார். ஆனை நிற்கிற இடம் அது. ஏன் மாமா இப்படிப் போகிறீர்கள், ஆட்கள் வந்து எடுக்க மாட்டார்களா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "அவிய வந்து எடுக்கதுக்குள்ள அந்தப் பிள்ளத்தாச்சிக்கு வலி வந்துரும்லா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் பேச என்ன இருக்கிறது என்கிற மாதிரி கால் கழுவப் போய்விட்டார்.

கத்தி பிடிக்கிற கை

எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள். மருந்தடிப்பது, பேக்டரி, கவாத்து எல்லாம் ஆண்கள் பக்கம். மாமா கவாத்துக்காரர். தேயிலையை வெட்டாமல் விட்டால் அது செடியாக நிற்காது, மரமாகிவிடும். கை எட்டுகிற உயரத்தில் தட்டையாக நிற்பதற்காகவே நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு காட்டையும் இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குவார்கள். வெட்டி முடித்த காட்டைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். இலையே இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கும். இது இனிமேல் எங்கே பிழைக்கப் போகிறது என்று தோன்றும். கொஞ்ச நாளில் கணுவுக்குக் கணு பச்சை வெடித்து வரும்.

அவர் கத்தி தீட்டுவதை நான் பின்வாசலில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியை ஒரே சாய்வில் வைத்து, இழுப்பார். தள்ள மாட்டார், இழுப்பு மட்டும்தான். நடுவில் கட்டை விரல் நகத்தில் மெதுவாக வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும். நகத்தில் பிடித்தால் சரி. காட்டில் ஒரு கிளைக்கு ஒரே வெட்டு. கீழிருந்து மேலாக, சாய்வாக. வெட்டுவாயில் மழைத் தண்ணீர் தங்கக் கூடாது, தங்கினால் அழுகல் உள்ளே இறங்கிவிடும். கிளை பிளக்கக் கூடாது, பிளந்தால் அந்தப் பக்கம் செத்துவிடும். வெட்டி முடித்ததும் தண்டில் படிந்த பாசியைச் சுரண்டிவிட்டு அடுத்த செடிக்கு நகர்வார். இத்தனையும் சரிவில் நின்றுகொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கால் வழுக்காமல் செய்ய வேண்டும்.

சில காடுகளில் செடிக்கு ஒரு கிளையையோ இரண்டு கிளையையோ இலையோடு வெட்டாமல் விடுவார். மற்றது எல்லாம் மொட்டை, ஓரத்தில் அந்த ஒரு கிளை மட்டும் இலையோடு ஆடிக்கொண்டிருக்கும். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் காட்டினேன். "மறக்கல மருமவனே. மூச்சு விடறதுக்கு ஒண்ணு வேணும்லா. புதுசு தளிர்த்த பொறவு அதயும் எடுத்துருவோம்" என்றார். எந்தக் கிளையை விடுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. வெயில் படுகிற பக்கம், நல்ல கனம், நோய் இல்லாதது. ஒரு நொடி பார்ப்பார். கை முடிவு செய்துவிடும். இதற்கு எந்தக் காலேஜிலும் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. ஆனால் புதிதாகக் கவாத்துக்கு வருகிற பையன்களை அவர் பக்கத்து வரிசையில்தான் நிறுத்துவார்கள்.

இந்த வேலையைப் பார்த்தவன் 'உழைச்சு ஓஞ்சாரு' என்று முடிக்க மாட்டான். உழைப்பு என்றால் நம் ஆட்களுக்கு முதுகும் வியர்வையும்தான் கண்ணில் படுகிறது. அந்த ஒரு நொடி பார்வை படுவதில்லை.

ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு இத்தனை செடி என்று கணக்கு உண்டு. மாமா தன் கணக்கை மதியத்துக்குச் சற்றுப் பிறகு முடித்துவிடுவார். முடித்ததும் வீட்டுக்கு வருவதில்லை. அவர் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு பெரியவர் வெட்டுவார், கண்ணில் புரை. அவருடைய வரிசையில் பின்னாலிருந்து மாமா வெட்டிக்கொண்டு வருவார். இரண்டு பேரும் நடுவில் சந்திக்கும்போது கணக்கு முடிந்திருக்கும். சூப்பர்வைசருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவரும் ஒன்றும் சொன்னதில்லை. அந்தப் பெரியவர் பென்ஷன் வயது வரும் வரை இப்படியே ஓடியது. பெரியவரின் மகள் இப்போது தென்காசியில் இருக்கிறாள். விசேஷத்துக்கு வந்திருந்தபோது இதை அவளே சொன்னாள். மாமா எங்களிடம் சொன்னதே இல்லை.

ஓய்வு பெறும்போது கணக்குப் பார்த்துக் கிராஜுவிட்டி கொடுக்கிறார்கள் அல்லவா, சர்வீஸ் போட்ட வருஷம் ஒன்றுக்குப் 15 நாள் சம்பளம் என்று. அதில் வருகிறது மாமாவின் ஒரு கணக்கு. பஸ்ஸுக்கு முன்னால் நடந்த விடியற்காலைகளும், அடுத்தவர் வரிசையில் வெட்டிய செடிகளும், மழைக்கு முன்னால் ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு ஓடு மாற்றிக் கொடுத்ததும் இன்னொரு கணக்கு. அது எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. என்னைக் கேட்டால் மாமா என்கிற ஆள் முழுக்க அந்த இரண்டாவது கணக்கில்தான் இருந்தார்.

1999 ஜூலை 23-ஐப் பற்றி இங்கே விரித்து எழுதப் போவதில்லை. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எஸ்டேட் ஆட்களுக்காகக் கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில், தாமிரபரணியில் 17 உயிர். மாமாவும் அந்த ஊர்வலத்தில் போனவர்தான். திரும்பி வந்தவர் அன்றைக்கு நடந்ததை எங்களிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. ஆனால் வருஷா வருஷம் அந்தத் தேதிக்குக் கீழே இறங்கி, ஆற்றங்கரைக்குப் போய்ப் பூப் போட்டுவிட்டு வருவார். ரிட்டையர் ஆன பிறகும், முட்டி வலி வந்த பிறகும் அது நிற்கவில்லை.

வீடியோவில் தெரிந்த காடு

மாமா 2021-இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். மகன் வேலையில் இருந்ததால் எஸ்டேட் வீடு போகவில்லை. 2024-இல் எல்லாருக்குமே வேலை நின்றபோது, கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பார்த்து இறங்கி வந்தார்கள். கீழே வந்த முதல் சித்திரை வெயிலில் ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. கரண்ட் போனால் தூக்கமும் இல்லை. எனக்குள் கோபம் இருந்தது. நாலு தலைமுறை கால் பதித்த மண்ணில் ஒரு சென்ட் சொந்தமில்லாமல் ஒரு மனிதரை இறக்கிவிட முடிகிறதே என்கிற கோபம். இன்னும் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் மகனின் நண்பன் ஒருவன் மேலே போய்விட்டு வந்தான். ஆட்கள் வேலை பார்க்காத தேயிலைக் காட்டை வீடியோ எடுத்திருந்தான். ஒரு சாயங்காலம் அதைத் திண்ணையில் வைத்து மாமாவுக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆயுசு பூராவும் இடுப்பளவில் வைத்துக் காத்த செடி, ஆள் உயரத்துக்கு மேலே போய், வரிசை தெரியாமல், பாதை தெரியாமல் நிற்கிறது. பார்த்ததும் உடைந்து போவார் என்றுதான் நினைத்தேன். அத்தை பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாமா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஏல, நிப்பாட்டு. பொறவு போடு" என்றார். திரும்பப் போட்டார்கள். "இது பதினாலாம் நம்பர் காடுலா. அந்தா பார், சில்வர் ஓக் ரெண்டும் ஒண்ணா நிக்கி." மறுபடி நிறுத்தச் சொன்னார். இலைக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ. விரலை வைத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். தேயிலைப் பூ. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சளாகக் கொத்துக் கேசரம். தொடர்ந்து கொழுந்து எடுக்கிற செடியில் அது அவ்வளவாகப் பூக்க வழியில்லை. ஓரத்தில், கை படாத செடியில் எப்போதாவது பார்க்கலாம். வீடியோவில் காடு முழுக்கப் பூத்திருந்தது.

"பாத்தியா மருமவனே" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இத்தன வருசமா வெட்டிக்கிட்டே இருந்தோம். அது மரம்லா. வளரட்டும்."

"வருத்தமா இல்லியா மாமா?"

"மனுசங்களுக்கு நடந்ததுக்கு வருத்தம் இருக்கு. இருக்காதா? செடி மேல என்ன வருத்தம்? அது நல்லா இருக்கட்டும்." சொல்லிவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்தத் தடவை அந்தப் பையனைத் திட்ட ஆரம்பித்தார், கானைக் காட்டவே இல்லையே, தண்ணி ஓடுற கான் அடைஞ்சிருக்கா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று. கான் அடைந்தால் மண் சரிந்து மேட்டுப் பக்கம் மொத்தமும் போய்விடுமாம். அடுத்த தடவை போகும்போது மண்வெட்டி கொண்டு போ என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த கோபமும் அவர் முகத்தில் பார்த்த சந்தோஷமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பல நாள் யோசித்த பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான். மாமா அந்தச் செடியைத் தன் சொத்தாக நினைத்ததே இல்லை, எஸ்டேட்டின் சொத்தாகவும் நினைத்ததில்லை. அது ஓர் உயிர், அதன் பக்கத்தில் இவர் வேலை செய்தார். அதனால் அது தன்னை விட்டு வளர்ந்து போவதை அவரால் பார்த்துச் சந்தோஷப்பட முடிந்தது. அவருக்கு அடித்த அடி வேறு இடத்தில்.

ஒரே லைனில் இருந்தவர்கள் அம்பை என்கிற அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, திருநெல்வேலி, திருப்பூர், கேரளா என்று திசைக்கொன்றாகச் சிதறிவிட்டார்கள். பக்கத்து வரிசை இல்லை. கதவு தட்டி எழுப்ப ஆள் இல்லை. கீழே எங்கள் தெருவில் எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருத்தர் வீட்டு ஓட்டை இன்னொருத்தர் ஏறி மாற்றுகிற வழக்கம் இல்லை. மாமா கொஞ்ச நாள் தெருவில் இருந்த செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுக் கவாத்து பண்ணிக் கொடுத்தார். அது தீர்ந்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறத் தொடங்கினார். இன்றைக்கு மணிமுத்தாற்றில் ஒரு வீட்டில் கதவுக் கீல் மாட்டுவார். நாளைக்கு அம்பையில் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு ஸ்கூலில் டிசி விஷயமாக வரிசையில் நிற்பார். தென்காசி வரைக்கும் போவார். "அந்த வயசுல எதுக்குத்தான் இந்த அலைச்சலோ" என்று சொன்னவர்கள்தான் இப்போது 'பாவம்' என்கிறார்கள். சிதறிப் போன லைனைத் தான் ஒற்றை ஆளாகப் பஸ்ஸில் ஏறி ஏறித் தைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிகிறது. அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் தையல் பிரியவும் இல்லை.

2025-இல், காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். தாத்தா ஆச்சி பக்கத்தில், மேலே கொண்டுபோக வேண்டும் என்று மகனுக்கு ஆசை. ஆனால் மாமா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சொல்லிவிட்டார். "அம்புட்டுத் தூரம் ஏத்திக்கிட்டுப் போயி எல்லாத்தையும் கஷ்டப்படுத்தாதிய. இங்கனயே போதும்." கீழேயே அடக்கினோம். குழி வெட்ட ஆள் பேசியிருந்தோம். லைன் ஆட்கள் வந்திறங்கியதும் அந்த ஆளிடமிருந்து மண்வெட்டியை வாங்கிவிட்டார்கள். திருப்பூரில் இருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த பையன்கள், கோட்டயத்திலிருந்து வந்த பழைய பக்கத்து வீட்டுக்காரர், கவாத்துக் கத்தியை அவரிடம் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வெட்டினார்கள். அத்தை வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. எங்கள் தெருவிலும் சில வீடுகளில் எரியவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

அத்தை இப்போது மகனோடு அம்பையில் இருக்கிறாள். போனால் முதலில் யார் யாரைப் பார்த்தாய் என்றுதான் கேட்கிறாள், மாமா கேட்பது போலவே. போன தடவை ஒரு விஷயம் சொன்னாள். வீட்டில் மாமாவின் போட்டோ இருக்கிறது. கல்யாணத்தில் எடுத்தது, ரேஷன் கார்டுக்கு எடுத்தது, பேரன் மொட்டைக்கு எடுத்தது. ஆனால் கத்தியும் கையுமாகக் காட்டில் நிற்கிற போட்டோ ஒன்றுகூட இல்லை. "அவிய அங்கன நிக்க மாதிரி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்லா" என்றாள்.

நாலுமுக்கிலோ ஊத்திலோ மாஞ்சோலையிலோ இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், பழைய ஆல்பங்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கவாத்து நடக்கிற காட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கிற படம் ஏதாவது இருந்தால், ஓரத்தில் நிற்பவராக இருந்தாலும், முகம் சரியாகத் தெரியாவிட்டாலும் அனுப்பி வையுங்கள். பிரிண்ட் போட்டு நானே அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.